பதினொரு வாஷ்பேசினும் ஒரு வார்த்தையும்

மாப்பிள்ளை கிடங்கை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால். ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில் போட்டிருந்த தன் சொந்த மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு கடிதத்தோடு அகராதியின் மேசை முன்னால் வந்து நின்றான்.

இரண்டுமே பட்டப்பெயர்கள். இஸ்திரி கலையாத சட்டையில் வண்டி ஓட்ட வருவதால் அவன் மாப்பிள்ளை. கிடங்கில் மேனேஜரை விட்டால் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதாலும், அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டதாலும் அவள் அகராதி.

"அக்கா, மூணு நாள் சஸ்பெண்டுன்னுதானே பேசிக்கிட்டாங்க? இதுல வேற என்னவோ இருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

படித்தாள். வேலை நீக்கம். காரணம் என்ற இடத்தில் 'ரெக்லெஸ்' என்று இருந்தது. அவளே எழுதிய வார்த்தை.

கிடங்கில் எது உடைந்தாலும் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவது அவள் வேலை. படிவத்தின் கடைசிக் கட்டம் 'காரணம்'. ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் அதில் இடம். சொன்ன வார்த்தையையே திரும்பச் சொன்னால் நடை கெட்டுவிடும் என்று பள்ளியில் படித்ததை அவள் இன்றுவரை விடவில்லை. போன மாதம் டைல்ஸ் உடைந்ததற்குக் 'கேர்லெஸ்' போட்டாயிற்று. அதற்கு முந்தின மாதம் 'நெக்லிஜென்ட்'. மாப்பிள்ளை யாரோ கூப்பிட்டார்கள் என்று பல்லைக் காட்டிப் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து, பதினொரு வாஷ்பேசினை நொறுக்கியபோது, கைவசம் புதிதாக இருந்தது 'ரெக்லெஸ்' ஒன்றுதான். எழுதிவிட்டு, தள்ளிப் பிடித்து ஒருமுறை ரசித்தும் பார்த்தாள்.

வீட்டில் இதற்கெல்லாம் அவளிடம் தமிழில் பஞ்சமே கிடையாது. குழாயைத் திறந்துவிட்டுப் போகும் கணவருக்குப் பராக்கு, சாவியைத் தொலைக்கும் மகளுக்கு அசட்டை, இரண்டு பேருக்கும் பொதுவாக ஏனோதானோ. எந்த வார்த்தையாலும் யாருக்கும் சோறு நின்றதில்லை. ஆங்கிலமும் அப்படித்தான் திட்டிவிட்டு மறந்துவிடும் என்று நினைத்துவிட்டாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள்.

"என்னம்மா, நீங்களே எழுதிட்டு நீங்களே கேக்கறீங்க? கேர்லெஸ்னா பார்க்கல. மூணு நாள் சஸ்பெண்ட். நெக்லிஜென்ட்னா, பார்க்க வேண்டியது அவன் கடமை, அதைச் செய்யல. வேற பிரிவுக்கு மாத்துவாங்க. ரெக்லெஸ்னா ஆபத்துன்னு தெரிஞ்சும் துணிஞ்சு செஞ்சான்னு அர்த்தம். நேரா வெளியதான். இந்தக் கடிதத்தோட போனா எவனும் வண்டியைத் தொடவிட மாட்டான்."

"ஐயோ சார், அவன் பின்னாடிகூடத் திரும்பிப் பார்க்கல!"

"அதைத்தான் எழுதியிருக்கணும். ஏன் எழுதல?"

"போன மாசம் எழுதிட்டேனே சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றே திருத்தம் கேட்டுக் கடிதம் போனது. தலைமை அலுவலகம் விடுவதாக இல்லை. தப்பான வார்த்தை விழுந்ததற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னது. அதிலும் கடைசியில் அதே கட்டம்.

"'ஓவர்சைட்'னு போடுங்க," என்றார் மேனேஜர். "கண்ணுல படாம போச்சுன்னு மரியாதையா இருக்கும். எங்க தப்புக்கெல்லாம் அதுதான். பதவி ஏற ஏற வார்த்தை மெலிஞ்சுக்கிட்டே வரும்."

அகராதி பேனாவை எடுத்தாள். 'ஓவர்சைட்' அவள் இதுவரை எழுதாத வார்த்தை. நாக்கில் வைத்துப் பார்த்தால் இனிக்கத்தான் செய்தது. ஆனால் மெலிந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னொருவன் கடிதத்தை எப்படித் திருத்தச் சொல்வது? அர்த்தம் பார்ப்பது அவள் கடமை, பார்க்கவில்லை. 'நெக்லிஜென்ட்' என்று எழுதினாள். வாழ்க்கையில் முதல் முறையாக, ஏற்கெனவே எழுதிய வார்த்தையையே திரும்ப எழுதினாள்.

மாப்பிள்ளைக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. கடிதம் மட்டும் 'கேர்லெஸ்' என்று மாறி அவன் வீட்டுக்குப் போனது. அகராதியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எழுத ஒன்றுமில்லை; அட்டைப்பெட்டியில் 'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டலாம், அவ்வளவுதான். அதையும் கோணாமல் ஒட்டி, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுத்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது:

"அக்கா, நான் மாப்பிள்ளை. நீங்க மாத்தி வாங்கின அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் கண்ணாடிக் கிடங்குல சேர்ந்தேன். இப்ப சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க, ரிப்போர்ட் எழுதறதும் என் தலையில. நேத்து ஒருத்தர் நாலு கண்ணாடியை உடைச்சுட்டார். பாவம், என்னை மாதிரிதான், பேசிக்கிட்டே ரிவர்ஸ் எடுத்தார். என்ன வார்த்தை போடட்டும்? அழகா வேண்டாம் அக்கா. சரியா ஒண்ணு சொல்லுங்க."