பாசிமணிப் பூவும் பெண்பார்க்க வந்தவர்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில் தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு சாடி நிறையப் பாசிமணிப் பூக்கள் இருக்கும். எல்லாம் நான் செய்தவை. என்னைப் பெண்பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படட்டும் என்று அம்மா வைத்தவை. பழுதாய்ப்போன தண்ணீர் மோட்டரில் கழற்றிய மெல்லிய செப்புக் கம்பியில் மணிகளைக் கோத்து, இதழிதழாய் வளைத்து முறுக்குவேன். விரல்நுனி எரியும். தண்டுக்குச் சுற்றப் பச்சை நூல் கிடைக்கவில்லை. என் பழைய பச்சைச் சீத்தைத் துணிச் சட்டையைக் கிழித்துச் சுற்றினேன்.

வந்தவர்கள் வடையைத் தின்று, தேத்தண்ணி குடித்து, பூவைப் புகழ்வார்கள். "விருப்பமெண்டால் ஒண்டைக் கொண்டு போங்கோ" என்பார் அம்மா. பூ போகும், பதில் வராது. நான் திரும்பவும் கம்பியை எடுப்பேன். எனக்குப் பிடித்த வேலைதான், ஆனால் போகப்போக மணியைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

கனகராயன்குளத்தில் இருந்து வந்த குடும்பமும் ஒன்றைக் கொண்டுபோனது. தங்கள் வீட்டிலும் கலியாணம் ஆகாத ஒரு குமர் இருக்கிறாள் என்றார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்து வந்த மாப்பிள்ளையின் தாய் அலுமாரியைத் திறந்து ஒரு பூவைக் கையில் எடுத்தார்.

"கனகராயன்குளத்திலயும் ஒரு பிள்ளையைப் பார்த்தனாங்கள். தான் செய்ததெண்டு அச்சொட்டா இப்பிடி ஒரு பூ வைச்சிருந்தவ. தண்டுக்கும் இதே பச்சைச் சீத்தை. அவவிட்டையோ இதைச் செய்யப் பழகினீங்கள்?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் வாயைத் திறக்க முன்னம் நான் "ஓம்" என்றேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். அவளின் கலியாணத்துக்கு என்னுடைய பொய்யும் ஒன்றாக இருக்கட்டும். அவளும் எத்தனை பேருக்குத் தேத்தண்ணி நீட்டிக் களைத்தாளோ.

அந்தச் சம்பந்தம் அவளுக்கே சரிவந்தது. அதைச் சொல்ல வந்த தரகர், வெள்ளிக்கிழமை வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் சொன்னார். வியாழன் பின்னேரம் குசினியில் அம்மா பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்.

"என்னால இனி ஏலாது அம்மா. ஒருத்தரையும் வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

ஏச்சு விழும் என்று நின்றேன். அம்மா அடுப்பில் இருந்து விறகை வெளியே இழுத்துவிட்டு நிலத்தில் இருந்தார்.

"எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு, பிள்ளை."

பணியாரத் தட்டை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். வந்தவர்களுக்கு நீட்டி நீட்டி நாங்கள் ஒருநாளும் ஆறுதலாய் இருந்து தின்றதில்லை. அன்று வயிறு முட்டத் தின்றோம்.