கடைசி இடத்திலிருந்து வாசித்த செயலாளர்

கிறிஸ்துதாஸ் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், பாறசாலையில் டயர் கடை வைத்திருக்கும் அவருடைய மருமகன். "சாரே, மாமா போயிட்டாரு. பேப்பர்ல போடணும், ஆனா..." என்று இழுத்தார். அந்த 'ஆனா' எனக்குப் பழக்கமானது. "எந்த வரிசைல போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரா?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

அவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாறசாலைக்கும் காட்டாக்கடைக்கும் இடையிலுள்ள ஆறு சிறு கல்லூரிகள் ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்திருக்கின்றன. பெரிய கல்லூரிகளிடம் முதல் சுற்றிலேயே தோற்று பஸ் ஏறுவதைவிடத் தங்களுக்குள் ஆடலாம் என்று சேர்ந்தவை. அதன் செயலாளர் அவர். ஆண்டுதோறும் கைப்பந்துப் போட்டி நடக்கும். ஆண்டுதோறும் பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போகும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

முடிவுகளை அவர் கடைசி இடத்திலிருந்துதான் சொல்வார். போட்டி நடக்கும் மைதானத்தில் இன்டர்நெட் கிடைக்காது. செய்தியை எங்கள் பத்திரிகை டெஸ்க்குக்குப் போனில் வாசிக்க வேண்டும். அவர்கள் அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள்.

"சாரே, ஜெயிச்சது யாரு? அத மட்டும் சொல்லுங்க."

"ஆறாவது இடம்..." என்று நிதானமாகத் தொடங்குவார். "எழுது மக்கா. ஜெயிச்சவன் எங்கயும் ஓடிப்போவ மாட்டான்."

நான் பேனாவை மூடிக்கொண்டு திரும்பி நின்றாலும் அசர மாட்டார். ஒருமுறை சண்டையாகவே கேட்டேன். அவரும் சூடாகவே சொன்னார்: "உங்க ஆப்பீசுல இடம் இல்லேன்னா எங்க வெட்டுவான்? அடியில அல்லியா? அடியில கெடக்கது எப்பவும் ரப்பர் காலேஜாக்கும்."

ஊரார் ரப்பர் காலேஜ் என்பது, பனச்சமூட்டுக்குப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கல்லூரியை. அதன் பெண்கள் அணி எப்போதும் ஆறாவது. சார் எப்படிச் சொன்னாலும் நான் முதலிடத்திலிருந்தே டெஸ்க்குக்கு வாசிப்பதால், அந்த அணியின் பெயர் பேப்பரில் வந்ததே இல்லை. 'ஆடுவது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை, அணி எதற்கு?' என்று நிர்வாகம் ஓர் ஆண்டு அதைக் கலைக்கத் தயாரானது.

அந்த ஆண்டு நான் டெஸ்க்கோடு பேசிக்கொண்டிருக்கையில் சார் என் போனைப் பிடுங்கினார். ஆறாவது இடத்திலிருந்து தானே வாசித்துவிட்டு இணைப்பையும் துண்டித்தார். நான் திரும்ப அழைத்தபோது பக்கம் அச்சுக்குப் போயிருந்தது. காலையில் பார்த்தால், ரப்பர் காலேஜில் தொடங்கிய செய்தி மூன்றாம் இடத்தோடு நின்றிருந்தது. சாம்பியன் யாரென்று பத்திரிகை வாசித்த ஒருவருக்கும் தெரியாது. வென்ற கல்லூரியின் முதல்வர் சங்கத்தை விட்டே விலகுவதாக என்னிடம் கத்தினார். திருத்தம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

சாரிடம் போய் நின்றேன். "ஜெயிச்ச பிள்ளைகளுக்கு ஜெயிச்சது தெரியும் அல்லியா? கோப்பை வேற கையில உண்டு. இன்னும் என்ன வேணுமாம்?" என்றார்.

"எனக்கு வேலை வேணும் சாரே."

"அது இருக்கும், போ. நீ என்ன ஆறாவது இடமா?"

நிர்வாகம் அந்தச் செய்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. அணி தப்பியது. அடுத்த ஆண்டும் ஆறாவதாகவே வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சாருடைய அடக்கத்துக்கு ரப்பர் காலேஜ் பெண்கள் அணிச் சீருடையில் வந்திருந்தார்கள். தலைவி என்னைத் தேடி வந்தாள். "சாரே, நாங்க வந்தது பேப்பர்ல வருமா? அடியில போட்டா வெட்டிருவாங்களாம். கிறிஸ்துதாஸ் சார் சொல்லுவாரு."

இறந்தவர் யார் என்றுதான் மரணச் செய்தி தொடங்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் அதை மாற்றியதில்லை. அன்று, 'ரப்பர் காலேஜ் பெண்கள் கைப்பந்து அணியினர் சீருடையில் வந்து விடைகொடுத்தனர்' என்று தொடங்கினேன். டெஸ்க் வழக்கம்போல அடியில் வெட்டியது. அவர் வகித்த பதவிகள் எல்லாம் போயின. செயலாளர் என்பதுகூட வரவில்லை. அவர் பெயர் மட்டும் எப்படியோ தப்பியது.

இப்போது எந்த மைதானத்துக்குப் போனாலும், "கடைசில யாரு?" என்றுதான் வாயில் முதலில் வருகிறது. டெஸ்க்கில் என்னைத் திட்டுகிறார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொல்லை ஒன்றுதான். திருப்பிக் கொடுக்கலாமென்றால் ஆளில்லை.