கை மறக்காத மடிப்பு

திண்டிவனத்தில் ஒருவர், விழுப்புரத்தில் ஒருவர்: ஜவுளிக்கடை முதலாளிகளே, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணை ஒரே கடையில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

திண்டிவனம் கடையில் எனக்குப் புடவை காட்டியவள் அவள். நின்று நின்று வீங்கிய கால்கள். மடித்த புடவையின் ஓரத்தை ஒவ்வொரு முறையும் புறங்கையால் ஒரு தட்டு தட்டுவாள்.

"வேற கடைல வேல தேடலியாம்மா?" என்று கேட்டேன்.

"விழுப்புரம் போனேங்க்கா. இந்தக் கடை ஆளுன்னா சேக்க மாட்டாங்கன்னு, வேலையே தெரியாதுன்னு சொன்னேன். ஒரு புடவைய மடிக்கச் சொன்னாங்க. பேசிக்கினே மடிச்சித் தட்டிட்டேன். 'தட்டுறதப் பாத்தாலே தெரியுது எந்தக் கடைன்னு, ஜல்தி கெளம்பு'ன்னுட்டாரு அந்தக் கடை மொதலாளி."

சிரித்தாள். அடுத்த புடவையையும் மடித்துத் தட்டினாள்.

ஒருவர் கடை ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறீர்களா, இல்லையா? கடை வாசலில் நின்று ஊரறியச் சொல்லுங்கள்.