வாய் திறக்காதவனுக்குக் கிடைத்த லோடு

எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த சமயம், ஊர் ஆண்களில் பாதிப் பேர் முதல் பஸ்ஸிலேயே சிவகாசிக்குப் போய்விடுவோம். அங்கே லோடு ஏற்றி இறக்க ஆள் எடுக்கும் முக்கு ஒன்று உண்டு. வண்டி வந்து நின்றால் எங்கள் ஊர்க்காரர்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டு, ஒருவர் சொன்ன கூலியைவிட அடுத்தவர் குறைத்துச் சொல்வார்கள். நான் கூச்சப்பட்டு டீக்கடை ஓரமாகவே நின்று, வெறுங்கையோடு திரும்புவேன்.

"நாளைக்கும் வேலை கெடைக்கலைனா வீட்டுக்கு வராதீக. அந்த டீக்கடையிலயே கிளாஸ் கழுவுங்க" என்றாள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

அந்த முக்கில் பல வருஷமாக லோடு தூக்கும் உள்ளூர் அண்ணாச்சி ஒருவருக்கு எங்களைக் கண்டாலே எரியும்.

"ஊரையே பஸ்ல ஏத்திக் கொண்டாந்து இங்கன எறக்கிட்டீக. அம்புட்டுப் பேரும் பாதிக் கூலிக்குப் போனா நாங்க எங்கன போக?"

அவர் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் காலண்டர் குடோன் வண்டி வந்தது. அண்ணாச்சியோடு இன்னோர் ஆள் வேண்டுமாம். கூட்டம் முட்டி மோத, அவர் என்னைப் பார்த்துக் கைகாட்டினார்.

"ஏப்பா, டீக்கடை ஓரம்! நீ வா."

"நானா அண்ணாச்சி?"

"நீதான். வாயத் தொறந்தாத்தான கூலியக் கொறப்ப? ஏறு."

குடோன் வாசலில் பழக்கதோஷம் காட்டிக்கொடுத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தேன். பட்டாசு அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவோம். காலண்டர் கட்டையும் வெடிமருந்துப் பெட்டியைப் போலச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தேன்.

"ஏலே, அது காலண்டர்லே! முருகன் படம் வெடிக்கவா போகுது? தூக்கிப் போடு!"

அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமினார். ஆனாலும் எனக்குப் போட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் வீசுவதை விட்டுவிட்டார்.

சாயங்காலம் முதலாளி கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணுல கூட முனை மடங்கலையே. சீசன் முடியுமட்டும் நீங்க ரெண்டு பேருமே வாங்க."

"வாறோம் முதலாளி," என்றார் அண்ணாச்சி உடனே. "ஆனா மெதுவா வைக்கதுக்குக் கூலி கூட. இவரு பட்டாசுல படிச்ச ஆளு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவே இல்லை.

கேட்ட கூலிக்கே முதலாளி சம்மதித்தார். மறுநாள் காலை குடோன் வாசலில் அண்ணாச்சியும் செருப்பைக் கழற்றி, கதவில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.