சலூன் கடை ஸ்பாஞ்ச்

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு சலூன்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர் கத்தி வைக்கிற நேரத்தில் தலையை ஆட்டியதற்காக அல்ல. இதே பத்தியில் நான் எழுதிய ஒரு விஷயத்துக்காக.

ஞாபகம் இருக்கிறதா? அவர் கடையில் ஒரு மீன் தொட்டி உண்டு. கண்ணாடி முழுக்கப் பாசி. உள்ளே நீந்துவது மீனா, வெட்டிப்போட்ட முடியா என்று தெரியாது என்றெல்லாம் கிண்டலடித்திருந்தேன். பிரமாதம் என்று உங்களில் சிலர் கார்டு போட்டீர்கள். ஆக, அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாஜா என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஊர் லெப்பைக்குடிக்காடு. வேலை துபாயில் – ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டுகிறான். முதலாளி மீட்டிங் முடிந்து வரும்வரை ஆபீஸ் வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி. ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

“அதுல கை வைக்கக் கூடாது மாப்ளே. தீனி போடறதுக்குத் தனி ஆளு இருக்கான். இந்தத் தடவை என் வூட்டுல, என் மீனுக்கு, என் கையால ஒரு சிட்டிகை தீனி போட்டுப் பார்த்துட்டுத்தான் பிளைட் ஏறுவேன்.”

லீவு நாற்பத்தைந்து நாள். வந்த மூன்றாம் நாளே திருச்சிக்குப் போய்த் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், பத்து தங்கமீன் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுவந்துவிட்டான். அன்று சாயங்காலமே மீன்கள் தண்ணீரில். தெருவே வந்து பார்த்தது.

ஆறே நாள். பத்தும் காலி.

பத்தாவது மீனை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து அவன் அன்று பகல் சோறே சாப்பிடவில்லையாம். “நம்ம கை ராசியில்லாத கை போல மாப்ளே” என்று போனில் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரம்பலூரில் புதிதாகத் திறந்திருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். வெளியே வந்தபோது நான் மீன் விஞ்ஞானி! அரைகுறையாகத் தெரிந்துகொண்டவனுக்கு வருகிற தைரியம் முழுசாகத் தெரிந்தவனுக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் வருகிறது. பழைய தொட்டியில் அதைத் தின்பதற்கென்றே ஒரு வகை பாக்டீரியா இருக்கும். அது தின்றுவிட்டு வெளியே விடுவதும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு வகை. இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிய பிறகுதான் மீன் பிழைக்கும். புதுத் தொட்டியில் அவை பெருக நாலைந்து வாரமாவது ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தினமும் துளித் தீனி போட்டு அழுக விட வேண்டும். அந்த அழுகல்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

போனில் இத்தனையையும் ஒப்பித்தேன். ஹாஜா கணக்குப் போட்டான். லீவில் மிச்சம் முப்பத்தாறு நாள்.

“போதும்டா. இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம்” என்றான்.

ஆரம்பித்தான். தினமும் காலையில் வெறும் தண்ணீருக்குத் தீனி போட்டான். துபாயிலிருந்து வந்தவன் வீடு என்றால் பார்க்க வருகிறவர்களுக்குக் கேட்க வேண்டுமா? வந்தவர்கள் எல்லாரும் முதலில் தொட்டியைப் பார்த்தார்கள், அப்புறம் ஹாஜாவைப் பார்த்தார்கள்.

“என்னா பாய், மீனைக் காணோம்... யாருக்குத் தீனி போடறீங்க?”

“பாக்டீரியாவுக்கு.”

கேட்டவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஹாஜாவின் மனைவி நூர்ஜஹானைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்க வெயில் ஜாஸ்திதான் இல்லம்மா?” என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

தண்ணீர் கலங்கியது. மெல்ல ஒரு வாடையும் கிளம்பியது. நான் போனிலேயே கைதட்டினேன். “வாடை வருதா? சபாஷ்! ஒண்ணையும் தொடாதே.”

இருபத்திரண்டு நாள் இப்படிப் போயிற்று. அங்கேதான் வந்தது வினை.

சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன், திரும்பிப் போவதற்கு முன் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். விருந்து என்றால் முதல் நாளே வீட்டை மேலே இருந்து கீழே வரை கழுவிவிட வேண்டும். அன்று ஹாஜா ஆடு வாங்கப் பூலாம்பாடிப் பக்கம் போயிருந்தான். நூர்ஜஹான் வேலையில் இறங்கினார். ஜன்னலைக் கழுவினார், ஃபேனைத் துடைத்தார். கூடத்தின் நடுவில் கலங்கிப்போய் நின்ற தொட்டியை விட்டுவைப்பாரா? தண்ணீரைக் கொட்டி, கல்லைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேர் என்று ஆகிறவரை பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டார்.

ஹாஜா போன் செய்தான். “மாப்ளே, கொலை நடந்து போச்சுடா.”

கோபம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் விருந்துக்குப் போன கையோடு நூர்ஜஹானிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். அம்மோனியா, முதல் கூட்டம், இரண்டாம் கூட்டம் – எதையும் விடவில்லை. அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிண்ணே. நாலு பேரு வர்ற வூட்டுல நாறுற தண்ணிய வச்சிருந்தா என்னையத்தானே சொல்லுவாங்க? கண்ணுக்கே தெரியாத ஒண்ணு உள்ளாற இருக்குன்னு எனக்கு எப்புடிண்ணே தெரியும்?”

எல்லாம் தெரிந்த நான், இதை அந்த வீட்டில் தொட்டியோடு அதிகம் புழங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? இல்லை. இரண்டு ஆம்பளைகள் போனிலேயே பேசிப் பேசி விஞ்ஞானம் வளர்த்திருக்கிறோம்!

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பதினாலு நாள்தாண்ணே இருக்கு. நேத்துலேருந்து அந்த வெறுந்தொட்டி முன்னாடியே ஒக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. மீனைப் பாக்காமயே போயிட்டாங்கன்னா அது என் மனசுல கெடந்து அறுக்கும்ண்ணே. ஏதாவது வழி பண்ணுங்க.”

பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுபடி பிரவுசிங் சென்டர். வழி இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் போதும். ஏற்கெனவே குடும்பம் குட்டியோடு இருக்கும் பாக்டீரியாக்கள் அப்படியே புது வீட்டுக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பழைய தொட்டி... அழுக்கு ஸ்பாஞ்ச்... அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஊரையும் மனசுக்குள் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரே ஒரு இடம்தான் கண்ணில் தட்டுப்பட்டது. இப்போது புரிகிறதா, யார் காலில் போய் விழுந்தேன் என்று?

சலூன்காரர் செல்வராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “வாங்க சார்! நீங்க எழுதினதைப் படிச்சேன்.” கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் காட்டினார். என் பத்தியை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். எனக்கு அந்தச் சுழல் நாற்காலியோடு சேர்ந்து தலையும் சுற்றியது.

“தப்பா நினைச்சுக்காதீங்க செல்வராஜ்... ஏதோ வேகத்துல எழுதிட்டேன். மன்னிச்சுக்கங்க.”

“அட, நம்ம கடை பேப்பர்ல வந்திருக்கு, இதுக்குப் போயி மன்னிப்பா? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க சார். ஆறு வருஷமா ஒரு மீன்கூடச் சாகலைங்கறதை மட்டும் விட்டுட்டீங்க.”

விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த மனிதர். ஃபில்டரைக் கழற்றி, முடிவெட்டும் கத்தரியாலேயே ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கேரிபேக்கில் போட்டுக் கொடுத்தார். “காய விட்டுறாதீங்க சார். டீ குடிக்கக்கூட எறங்காம நேரா போங்க.”

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். “என்னாங்க பையில, கருவாடா?” “இல்லைங்க, பாக்டீரியா” என்றேன். அடுத்த ஸ்டாப்பிலேயே வேறு சீட்டுக்குப் போய்விட்டார். பெரம்பலூரில் பஸ் மாறியபோதும் இடம் தாராளமாகக் கிடைத்தது.

ஸ்பாஞ்ச் உள்ளே போனபோது ஹாஜாவுக்கு மிச்சம் பன்னிரண்டு நாள். இந்தத் தடவை நூர்ஜஹானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தோம். இரண்டு நாள் பொறுத்து, முதலில் இரண்டே இரண்டு மீன். தினமும் காலையில் போன் வரும். “ரெண்டும் இருக்கு மாப்ளே.” போன தடவை பத்தும் காலியான அதே ஆறாம் நாள், முதல் மணியிலேயே போனை எடுத்தேன். “ரெண்டும் இருக்குடா! தீனியக் காட்டினா ஓடி வருதுடா!” ஒன்பது வருஷமாகத் தள்ளி நின்று பார்த்தவன் கத்திய கத்தல் அது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்? அடுத்த நாள் இன்னும் இரண்டு மீன் விட்டோம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் கிளம்பினான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாசலில் வேன் தயார். பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவன் மட்டும் தொட்டியை விட்டு நகரவில்லை. கடைசியாக ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டு, “நான் இல்லாம இதெல்லாம் நல்லா இருக்குமாடா?” என்றான்.

விடுவேனா? மீன் விஞ்ஞானி மறுபடி வாயைத் திறந்தேன். “கவலையே படாதே. இனிமே அந்த பாக்டீரியா பார்த்துக்கும். யாரு கண்ணுலயும் படாது. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்து அழுக்கைத் தின்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் இங்க இருக்கிறதெல்லாம் தங்கமா மினுக்கிக்கிட்டு நீந்துது.”

ஹாஜா தொட்டியைப் பார்த்தான். கதவருகே நின்ற நூர்ஜஹானைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வேனில் ஏறினான்.

“என் கதையை எதுக்குடா எங்கிட்டயே சொல்றே?”