மூளைப் பவளத்துக்குச் சாம்பிராணி

கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு மூளைப் பவளம், உயிருள்ள கடல் பிராணி. வாங்கும்போது எலுமிச்சம்பழ அளவு. இத்தனை வருஷத்தில் ஆரஞ்சுப் பழ அளவுக்குக்கூட வரவில்லை. உள்ளே கல், மேலே வழவழவென்று பச்சைச் சதை. சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் நொந்து நூலாகி வந்து அதன் முன்னால் உட்காருவேன். நீல வெளிச்சத்தில் அந்தச் சதை மெல்ல உப்பும், மெல்ல அடங்கும். நானும் எங்கேயோ மிதந்து போய்விடுவேன். சாப்பிட வா என்று என் வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது.

கொஞ்ச நாளாக அது சுருங்க ஆரம்பித்தது. சதை வற்றி, ஓரத்தில் வெள்ளைக் கல் எட்டிப் பார்த்தது. செத்துவிடுமோ என்று எனக்குப் பயம். உப்பு பார்த்தேன், சூடு பார்த்தேன், விளக்கை மாற்றினேன். ம்ஹூம். சனிக்கிழமைதான் ரொம்ப மோசம். அப்புறம் கொஞ்சம் தேறும், மறுபடியும் படுத்துவிடும். கொசு மருந்து அடித்தீர்களா என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். அவர் பாவம், இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் சோபாவில் கண் சொக்கிக் கிடந்தேன். அவர் சாம்பிராணி போட்டு வீடெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். தொட்டி முன்னால் நின்றவர் நகரவே இல்லை; சுற்றிச் சுற்றிக் காட்டினார். நுரை பொங்கவைத்து அழுக்கெடுக்கும் கருவி ஒன்று தொட்டிக்குக் கீழே ஓடுகிறது. அது ஹாலில் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். புகை முழுக்க அதற்குள் போனது. என் தூக்கம் பறந்துவிட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"கண்ணு பட்டிருக்கு லா. நீ உயிரா வச்சிருக்க. இது போயிருச்சுன்னா நீ தாங்கமாட்ட."

அது வாட வாட, இவர் வெள்ளிக்கு வெள்ளி புகையைக் கூட்டியிருக்கிறார். திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த வெள்ளி வீட்டில் சாம்பிராணி வாசமே இல்லை. எனக்கு என்னமோ போலிருந்தது. மறுநாளே கருவியின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டேன். அதற்கடுத்த வெள்ளி நானே கரி பற்றவைத்து, தூபக்காலை அவர் கையில் கொடுத்தேன். எல்லா அறைக்கும் காட்டினார். தொட்டிப் பக்கம் மட்டும் வராமல் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அதுக்கும் காட்டுங்க," என்றேன்.

தள்ளி நின்றபடி ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். புகை கலையும்வரை இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேறியிருந்த பவளம் சுருங்காமல் உப்பியபடியே இருந்தது. தூபக்காலை வைத்துவிட்டு, சாப்பிட வா என்று கூப்பிட்டார். அன்றைக்கு முதல் தடவையிலேயே எனக்குக் கேட்டது.