கிணற்றோரம் நட்ட சேனை

நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை முற்றியிருந்தது. திருபுவனை கம்பெனியில் வேலை போனதைச் சொல்லாமல், அப்பா தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. அம்மா வாயில் வந்ததையெல்லாம் பேசினாள்; "எங்கனா போய் விழுந்து சாவு" என்றுகூடச் சொன்னாள். அப்பா தலையைத் தூக்கவேயில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் அப்பா இல்லை. வாசலில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. அம்மா தோட்டத்தில், பாழுங்கிணற்றுப் பக்கம், புது மண் மேட்டின்மேல் சருகைக் குவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மண்வெட்டி.

"இன்னாம்மா பொதச்ச?"

"வேலியோரம் இருந்த சேனக்கெழங்குடி. இங்கதான் குளிக்கிற தண்ணி பாயும். போய்ப் படி."

அப்பா அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் அம்மா, வெளியூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார் என்றாள். அம்மா பொய் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. சருகு மேடு வேறு நாளுக்கு நாள் உயருகிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

கோடை மழை பெய்த பிறகு நாற்றம் ஆரம்பித்தது. எலி செத்த நாற்றமெல்லாம் இல்லை, அதைவிடப் பெரிது. ஈ மொய்த்தது. அம்மா கொல்லைக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

"அந்தப் பக்கம் போன, கால ஒடச்சிடுவேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவைப் போலீஸ் பிடித்துப் போனால் நான் யார் வீட்டில் இருப்பேன் என்றுகூட யோசித்துவிட்டேன். தாங்க முடியாமல் பக்கத்து வீட்டு அத்தை காதில் போய்ச் சொன்னேன். அத்தை ஒரு கழியை எடுத்துக்கொண்டு வந்து சருகைக் கிளறினாள். உள்ளே கருஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, தாம்பாளம் அகலத்துக்கு என்னமோ இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிப்பாவி, உங்கப்பன் இல்லடி! சேன பூத்திருக்கு. அது பூத்தா பொணநாத்தம்தான்டி அடிக்கும்!"

அத்தை முந்தானையை மூக்கில் வைத்தபடி சிரித்த சிரிப்பில் அம்மா ஓடிவந்தாள். வந்தவள் பூவைப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, "பூதானா? பூதானா அக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அடிக்கப்போகிறாள் என்று பின்வாங்கிய என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அப்பா வந்தார், தாடியோடு. கிருமாம்பாக்கத்தில் ஒரு கூட்டாளி வீட்டில் இருந்தாராம். பூ வாடி, இலை குடையாக விரிந்து, தை மாதம் இலை பழுத்துச் சாய்ந்ததும் அந்தக் கிழங்கை அப்பாதான் தோண்டி எடுத்தார். அம்மா புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள்.

"அரிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

பூ என் கண்ணெதிரே இருந்தது. அதை விட்டுவிட்டு அம்மா எதற்காகக் கிணற்றை எட்டிப் பார்த்தாள் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவேயில்லை.